எந்தத் தெரு?

விசிலைக் காணவில்லை.

ஞானப்பூ அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தேடினாள். அலமாரிக்கு அடியில் குனிந்து தேடினாள். கடைசியில் வேதப் புத்தகத்தைக்கூட எடுத்து ஒரு உதறு உதறிப் பார்த்தாள். மணி எட்டரை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது காக்கிச் சட்டையும் விசிலுமாக அவள் வாசலில் நிற்க வேண்டும். சட்டை இருக்கிறது, சேலைக்கு மேல் போட்டுப் பித்தானும் மாட்டியாகிவிட்டது. விசில்தான் இல்லை. அவள் புருஷன் செல்வதுரையோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்படி மும்முரமாகச் சாப்பிட்டால் ஏதோ செய்திருக்கிறான் என்று பொருள். பதினொரு வருஷக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது?

"விசில எடுங்க."

"எந்த விசிலு?"

"வாயில இட்லிய வச்சிக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க. நேரமாச்சு."

"நீ அந்த வேலைக்குப் போகவேணாம் ஞானம். செல்வதுரை பொண்டாட்டி பொம்பளைக மடியத் தடவுற வேலை பாக்குறான்னு ஊரு பேசுது. போன ஞாயித்துக்கெழமை கோயில விட்டு வெளிய வாரப்போ ஜெப ஷீலா மதினி உன்கிட்ட கைப்பையத் தொறந்து காட்டிட்டுப் போகல? எல்லாரும் சிரிக்கல?"

"நானுந்தான் சிரிச்சேன்."

"அருஞ்சுனையும் சிரிச்சாளா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் ஞானப்பூ மறுபடியும் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள்.

அவள் வேலை பார்ப்பது அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில், பூங்கோதை ஜவுளி மாளிகையில். அதன் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'இவர்களிடம் எச்சரிக்கை' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே பதினொரு பெண்களின் புகைப்படங்கள். எல்லோரும் கடையில் திருடியதாகப் பிடிபட்டவர்கள். பதினொன்றாவது படம் அருஞ்சுனையுடையது. ஆவணி மாதம் அவள் மடியில் ஒரு பாவாடைத் துணி இருந்தது, பில் இல்லை. மடியை அவிழ்க்கச் சொன்னது ஞானப்பூதான். மூன்று நாள் கழித்து, அந்தத் துணியை வேறு கடையில் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு அருஞ்சுனை ஓடி வந்தாள். முதலாளி பில்லை வாங்கிப் பார்த்தார். "சரி, போ" என்றார். படத்தை மட்டும் கழற்றவில்லை. புரட்டாசி முடிவதற்குள், அவள் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். குடும்பம் காரியாபட்டிப் பக்கம் குடிபோய்விட்டது. அன்றிலிருந்து ஞானப்பூவுக்குக் கடைக்குள் நுழையும்போது தலை தானாகக் குனிந்துகொள்ளும்.

ஆனாலும் வேலை பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? அந்தத் தெருவில் விசில் வைத்திருக்கிற ஒரே பொம்பளை அவள்தான். ஒரு ஊது ஊதினால் லாரி நிற்கிறது, மாட்டு வண்டி நிற்கிறது, ஒருமுறை ஒரு கல்யாண ஊர்வலமே நின்றது.

செல்வதுரைக்கு இன்னொரு கோபமும் இருந்தது. அவன் ஒரு விசைத்தறிப் பட்டறையில் ஃபிட்டர். தீபாவளிக்கு போனஸ் தருவதாகச் சொன்ன பட்டறைக்காரர், கடைசியில் ஆளுக்கொரு டேமேஜ் சேலையைக் கொடுத்துக் கும்பிடு போட்டுவிட்டார். கத்தரிப்பூ நிறம், மாங்காய்க் கரை. நடுவில் ஊடை நூல் அறுந்து விரல் அகலத்துக்கு ஒரு கோடு குறுக்கே ஓடியது. அவன் அதை ஆசையாகத்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஞானப்பூ விரித்துப் பார்த்து, "இதக் கட்டிக்கிட்டு நின்னா கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தின்னு ஊரு எண்ணும்" என்று டிரங்குப் பெட்டியில் எறிந்துவிட்டாள். அந்த வருத்தமும் சேர்ந்துதான் விசில் ஒளிந்துகொண்டது.

கை கழுவ அவன் வாசலில் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து விசில் நழுவிக் குண்டான் மூடியில் டங்கென்று விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஞானப்பூவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் விசிலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் அவன் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஊது ஊதிவிட்டுப் படியிறங்கினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குப் பாடம் சொன்னவர் சுப்புராஜ். பதினெட்டு வருஷம் மிலிட்டரியில் இருந்தவர், அதில் பாதிக் காலம் கேன்டீன் காவல். மீசை அவருக்கு முன்னால் நடந்து வரும். வாசலின் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் ஞானப்பூ.

"மூணே ரூலும்மா. ஒண்ணு, திருட்டுங்கிற வார்த்தை வாயில வரப்படாது. 'பில்லு போட விட்டுப்போச்சா'ன்னு கேக்கணும். ரெண்டு, நாலு பேரு பாக்க நிப்பாட்டப்படாது, ஓரமாக் கூட்டிப் போகணும். மூணு, கண்ணால பாத்ததுதான் கணக்கு, நெனச்சது கணக்குல சேராது. இந்த மூணும் இருந்தா நீ செக்யூரிட்டி. இல்லைன்னா வெறும் விசிலு."

நல்ல பாடம். ஆனால் முதலாளி சின்னத்துரை நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெயிலில் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவார், பிள்ளைகளுக்கு பலூன் கொடுப்பார். ஆனால் யார் உள்ளே வந்தாலும் அவர் கண் முதலில் காலைத்தான் பார்க்கும். பிறகுதான் மேலே ஏறும், ஏறவேண்டும் என்று தோன்றினால். அவர் சேர்த்த நாலாவது ரூல் ஒரு கேள்வி. யாரை நிறுத்தினாலும் முதலில் கேட்க வேண்டும்: "எந்தத் தெரு?"

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதுபோல. சாதியை நேரே கேட்டால் அநாகரிகம். தெருவைக் கேட்டால் விசாரிப்பு! பதில் சில தெருக்களாக இருந்தால், ஃபேனுக்கடியில் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, "அம்மாவுக்கு மறதி" என்று வீட்டுக்குப் பில் சீட்டு அனுப்புவார்கள். வேறு சில தெருக்களாக இருந்தால் குடோன், மடிச் சோதனை, எதிர் ஸ்டுடியோ ஆஸ்டினின் கேமரா, மறுநாள் பலகை. மடியில் இருக்கிற துணி ஒரே துணிதான். ஒரு தெருவில் அது மறதியாகிறது, அடுத்த தெருவில் திருட்டாகிறது. துணியைப் பாருங்களேன், அதற்கே என்ன ஒரு உலக ஞானம்!

ஆஸ்டினை வரவழைக்க நீளமாக ஒரு விசில். அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து குறிபார்த்து நிற்பான். அடுத்த விசிலுக்கு அழுத்திவிடுவான். யாரை, எதற்கு என்றெல்லாம் அவன் கேட்டதில்லை. விசில் வந்தால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் அவன் பாடம்.

அன்றைக்குத் தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. தொண்ணூற்று இரண்டாம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை; பாலவனத்தத்திலிருந்தும் திருச்சுழிப் பக்கத்திலிருந்தும் பஸ்ஸு பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை கையில், மூன்றாவது பிள்ளையைத் தொலைத்துவிட்டு நான்காவது பிள்ளைக்குச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. ஞானப்பூ பைகளை வாங்கி டோக்கன் கொடுத்துக் கொடுத்துக் கை சலித்துப்போனாள்.

பதினொரு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கோகிலாம்பாள் இறங்கினார். திருச்சுழிப் பக்கம் நிலபுலன், டவுனில் மேல ரத வீதியில் மாடி வீடு. கையில் யானைத்தலை வைத்த தங்கக் காப்பு. அதுபோல் ஜில்லாவிலேயே இன்னொன்று கிடையாது என்று போகிற கல்யாணத்திலெல்லாம் அவரே சொல்வார். தோளில் ஒரு பெரிய ஜிப் பை. டோக்கன் போட ஞானப்பூ கையை நீட்டினாள். முதலாளி ஓடி வந்து அந்தக் கைக்கு முன்னால் தன் கும்பிடை நீட்டினார்.

"அம்மா பைக்கெல்லாம் டோக்கன் எதுக்கு? உள்ள வாங்கம்மா. ஏலே, கலர் எடு!"

அரை மணி கழித்து, திருச்சுழி ரோட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தவள் மூக்கம்மாள். தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துச் செருப்பை வெளியே விட்டாள், வெறுங்காலோடு உள்ளே போனாள். கையில் பை கிடையாது, அதனால் டோக்கனும் கிடையாது. நேரே ஜாக்கெட்டுத் துணிப் பகுதிக்குப் போனவள், மடியிலிருந்து ஒரு சேலையை உருவி, எடுத்துப் போட்ட துணியோடு வைத்து நிறம் பார்த்தாள். ஒத்துவரவில்லை. சேலையை மடித்துத் திரும்ப மடியில் செருகிக்கொண்டாள்.

அந்தச் செருகலை மட்டும் பார்த்தார் விற்பனைக்காரர் ஒருவர். "சேலை! மடியில சேலை!" என்று அவர் போட்ட கூச்சலில், அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தின.

"ஞானப்பூ! அந்தப் பொம்பளைய விடாத!" என்றார் முதலாளி.

ஞானப்பூ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அருஞ்சுனை அன்று நின்றதும் அதே இடந்தான்.

"யக்கா, இப்படி ஓரமா வாங்க. பில்லு போட விட்டுப்போச்சா?"

"எதுக்குத்தா பில்லு? இது எந் தறியில நான் நெஞ்ச சேலை. எம் மகளுக்கு இதுக்குத் தோதா ஒரு ஜாக்கெட்டுத் துணி பாக்க வந்தேன்."

மூக்கம்மாள் சேலையை எடுத்துக் காட்டினாள். கத்தரிப்பூ நிறம், மாங்காய்க் கரை. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. ஞானப்பூவுக்கு டிரங்குப் பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

முதலாளி வந்துவிட்டார். மூக்கம்மாளின் காலைப் பார்த்தார்.

"எந்தத் தெரு?"

"கீழ ஓடைத் தெரு."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. "குடோனுக்குக் கூட்டிப் போ. ஆஸ்டினக் கூப்புடு."

"முதலாளி, இது பட்டறையில தீவாளிக்குக் குடுத்த டேமேஜ் சேலை" என்றாள் ஞானப்பூ. "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு கெடக்கு."

"அப்படியா? அப்ப உங்க வீட்டயும் ஒரு சோதனை போட்டுருவோம்."

கூட்டம் சிரித்தது. ஆஸ்டினைக் கூப்பிட ஞானப்பூ விசிலைத் தொடவில்லை. ஆனால் கூச்சலைக் கேட்டே அவன் கேமராவோடு வந்து மூலையில் தயாராக நின்றுவிட்டான், அவ்வளவு கடமை உணர்ச்சி.

மூக்கம்மாள் பயந்தவளாகத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. "இந்தாங்க முதலாளி! உங்க ராக்கையில அடுக்கியிருக்கிற கத்தரிப்பூச் சேலையெல்லாம் எங்க பட்டறைச் சேலைதான். நான் நெய்யிற ஒவ்வொரு சேலை முந்தியிலயும் உள்பக்கமா மஞ்சள் நூலுல ஒரு முடிச்சு போட்டுருப்பேன், கூலிக்கு எண்ணுறதுக்காக. எடுத்துப் பாருங்க!"

முதலாளி பார்க்கவில்லை. ஆனால் அவரைத் தவிர மற்ற எல்லோரும் பார்த்தார்கள். தீபாவளிக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா? ஒரு பெண் ராக்கையிலிருந்து ஒரு சேலையை இழுத்து முந்தியைப் புரட்டினாள். "ஆத்தாடி, இருக்குடி!" என்று கத்தினாள். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. பத்துப் பேர், இருபது பேர், சேலைகளை உருவினார்கள், விரித்தார்கள், கவிழ்த்தார்கள்.

"இதுலயும் முடிச்சு!"

"இது மூக்கம்மா சேலை!"

"இங்கயும் மூக்கம்மா சேலை! ஏ, கடையே மூக்கம்மா கடை போல இருக்கே!"

சுப்புராஜ் நடுவில் நின்று "லைன்ல நில்லுங்க! லைன்ல நில்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் தலையிலேயே ஒரு சேலை விழுந்து மீசை வரைக்கும் மூடியது. மூக்கம்மாளுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. திருடி என்று நிறுத்தப்பட்டவள் இப்போது ராக்கைக்கு ராக்கை ஓடி, தொலைந்த பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிற மாதிரி தன் சேலைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். "இது வைகாசியில நெஞ்சது! இது எம் மகளுக்குக் காய்ச்சலா இருந்தப்ப நெஞ்சது, பாரு, முடிச்சு கோணலா இருக்கும்!"

இந்த அமளியில் கோகிலாம்பாள் கலர் பாட்டிலை வைத்துவிட்டு நைசாக வாசலுக்கு நடந்தார். அவர் பையின் ஜிப் சரியாக மூடவில்லை. அதன் வாயிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முழம் முந்தி தொங்கியது.

மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை, இன்னொரு சேலை கிடைத்த சந்தோஷம்தான். பாய்ந்து முந்தியைப் பிடித்துப் புரட்டினாள்.

"இந்தா, இதுலயும் எம் முடிச்சு!"

சேலை பையிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. கோகிலாம்பாள் பதறிப்போய் மறுபுறத்தைப் பிடித்து இழுத்தார். இந்தப் பக்கம் மூக்கம்மாள், அந்தப் பக்கம் கோகிலாம்பாள், நடுவில் சேலை. மூலையில் கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஆஸ்டின் காத்திருந்தான்.

ஞானப்பூ விசிலை வாயில் வைத்தாள். ஒரு வினாடி அருஞ்சுனையை நினைத்தாள். ஊதினாள்.

பளிச்!

கடை அமைதியாயிற்று. அந்த அமைதியில் ஞானப்பூ தன் பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "அம்மா, இப்படி ஓரமா வாங்க. பில்லு போட விட்டுப்போச்சா?"

"மறந்துட்டேன் போல" என்றார் கோகிலாம்பாள்.

"அம்மாவுக்கு மறதி!" என்று முதலாளி பாய்ந்து வந்தார். "எல்லாருக்கும் வாரதுதான். சீட்டு வீட்டுக்கு அனுப்பிக்கிடலாம்." தன் கையாலேயே அந்தச் சேலையை மடித்துப் பையில் வைத்து, ஜிப்பையும் மூடி, கார் வரைக்கும் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வந்ததும் குரல் மாறியது. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. அதன் வாயை அடைக்க அவருக்கு உடனே ஒரு திருடி வேண்டியிருந்தது.

"பட்டறைக்காரர் வந்து சொல்றவரைக்கும் இவ சொல்றத நான் நம்ப முடியாது. படம் நாளைக் காலையில பலகைக்கு வந்துரணும்."

அப்போதுதான் மூக்கம்மாளின் குரல் உடைந்தது. "முதலாளி, எம் மக சத்யபிரியாவுக்குக் கார்த்திகையில பரிசம் போடுறாக. படத்த மட்டும் மாட்டிராதீங்க. சேலைய வேணும்னா வச்சிக்கிடுங்க."

ஞானப்பூ அந்தக் கோடு விழுந்த சேலையை எடுத்து மூக்கம்மாளின் கையில் கொடுத்தாள். "உங்க சேலைய நீங்க கொண்டு போங்கக்கா. கண்ணால பாத்ததுதான் கணக்கு."

"நாளைக்கு உன் கணக்கப் பாக்குறேன்" என்றார் முதலாளி.

மறுநாள் காலை செல்வதுரை விசிலை ஒளித்து வைக்கவில்லை. துடைத்துக் கையில் கொடுத்தான். "மூக்கம்மா மதினி நேத்து மத்தியானத்துக்கு மேலதான் எங்க பட்டறைக்கு வந்தாக ஞானம். ரெண்டு தடவை ஊடை அறுந்துபோச்சு. அவுகளுக்கு அறுந்து நான் பாத்ததே இல்ல" என்றான். ஞானப்பூ டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். காக்கிச் சட்டைக்குக் கீழே அன்று அவள் கட்டியது அந்தக் கத்தரிப்பூச் சேலை. கோடு முழங்காலுக்கு நேரே ஓடியது.

கடையில் ஆஸ்டின் படத்தோடு நின்றிருந்தான். முதலாளி அதை வாங்கிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல தெளிவான படம். ஒரே சேலையின் இரண்டு முனையை இரண்டு பெண்கள் பிடித்து இழுக்கிறார்கள். இருவர் வாயும் ஒரே அளவில் பிளந்திருக்கிறது. தெரு தெரியாத யாராவது பார்த்தால் அக்கா தங்கச்சி என்பார்கள்.

"இவ படம் தனியா இல்லையாடா?"

"விசிலு ஒண்ணுதான வந்துச்சு முதலாளி" என்றான் ஆஸ்டின்.

துணி வெட்டும் கத்தரி வந்தது. கணக்குப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினார். கோகிலாம்பாளின் முகம் போயிற்று, தோள் போயிற்று, பையும் போயிற்று. கை போகவில்லை. அது சேலையோடு எட்டி, மூக்கம்மாளின் கன்னம் வரைக்கும் வந்திருந்தது. அதை வெட்டினால் மூக்கம்மாளின் பாதி முகமும் போய்விடும்; முகம் இல்லாத திருடியைப் பலகையில் மாட்டி என்ன பயன்?

"கைதான? கெடக்கட்டும். மாட்டு" என்றார் முதலாளி. பெரிய வீட்டுப் பெண்ணை முகத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்று அவர் நினைத்தார். நகையை வைத்துத்தான் ஊர் அவர்களை அடையாளம் காண்கிறது என்பது, பாவம், ஜவுளி விற்கிறவருக்குத் தெரியவில்லை.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் பலகைக்கு முன்னால் நின்றார்கள்.

"இந்தப் பொம்பளை சரி. இது யாரு கை?"

"அதான, சேலைய இழுக்குதே, யாரு கைடி அது?"

கூட்டம் சேர்ந்தது. மூக்கம்மாளின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடை காலியாகி இங்கே வந்தது. முதலாளியின் கை என்று ஒருவர் சொன்னார், காப்பைப் பார்த்துவிட்டு வாபஸ் வாங்கிக்கொண்டார். பூ விற்கிற ஒரு அம்மாள் மூக்கு பலகையில் இடிக்கும்படி எட்டிப் பார்த்தாள்.

"யானைத்தலைக் காப்புல்ல இது? ஜில்லாவுக்கே ஒண்ணுதான்னு அவுகளே எங்கிட்டச் சொல்லியிருக்காகளே!"

பிறகு கேட்க வேண்டுமா! பதினொரு மணிக்குள் செய்தி பாலவனத்தம் போய்த் திரும்பி வந்துவிட்டது. படம் பார்க்க வந்தவர்களுக்கு சுப்புராஜ் வரிசை போட்டார், முதல் தடவையாக வரிசையும் ஒழுங்காக நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. கோகிலாம்பாள் இறங்கவில்லை. டிரைவர் மட்டும் இறங்கி, நேற்றைய சேலையை வாசலில் வைத்துவிட்டு, பலகையை ஒருமுறை பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தான்.

"கழட்டு! பலகையக் கழட்டு!" முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

ஒரு படத்தைக் கழற்று என்று அவர் சொல்லவில்லை. பலகை என்றுதான் சொன்னார். ஞானப்பூ பலகையையே கழற்றினாள். பன்னிரண்டு படத்தையும் உரித்துத் தன் காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அருஞ்சுனையின் படம் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது, அதற்கு அவளுக்கு அழுகை வந்தது.

முதலாளி உள்ளே போய் ஒரு பெரிய தட்டோடு வந்தார். பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி மைசூர்பாகு, கடைப் பெயர் போட்ட அட்டை. "நீதான விசில் ஊதுன? நீயே போ. மனசு கஷ்டப்படும்படி நடந்துபோச்சு, மன்னிச்சிக்கிடுங்கன்னு முதலாளி சொன்னாகன்னு சொல்லு. சுப்புராஜ், நீயும் கூடப் போ. எந்தத் தெருன்னு தெரியும்ல?"

"தெரியும் முதலாளி" என்றாள் ஞானப்பூ.

முக்கு வந்தது. இடது பக்கம் கோகிலாம்பாளின் மேல ரத வீதி. வலது பக்கம் போனால் கீழ ஓடைத் தெரு.

"லெஃப்ட்டும்மா" என்றார் சுப்புராஜ்.

ஞானப்பூ வலது பக்கம் திரும்பி நடந்தாள். சுப்புராஜ் முக்கிலேயே நின்றார். மீசையை ஒரு தடவை தடவினார், இடது பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு காலைத் தூக்கி மிலிட்டரிக் கணக்காகத் திரும்பி, அவள் பின்னாலேயே அடியெடுத்து வந்தார்.

தெரு முனையில் நின்று அவள் விசிலை ஊதினாள். லாரியை நிறுத்துகிற ஊது அது. கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே வந்தார்கள். மத்தியானக் கஞ்சிக்கு வந்திருந்த மூக்கம்மாளும், சத்யபிரியாவும் வந்து நின்றார்கள்.

"பூங்கோதை ஜவுளி மாளிகை முதலாளி இந்தத் தட்டக் குடுத்து அனுப்பியிருக்காக! மனசு கஷ்டப்படும்படி நடந்துபோச்சாம், மன்னிச்சிக்கிடச் சொன்னாக!"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மூக்கம்மாள் தட்டை உடனே வாங்கவில்லை. தெருவையே ஒரு சுற்றுப் பார்த்தாள். தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று உறுதியான பிறகு வாங்கினாள். ஞானப்பூ படத்தையும் எடுத்துக் கொடுத்தாள். மூக்கம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அவளை எடுத்த முதல் படம் அது.

"எம் மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்கு. அந்தக் கைய மட்டும் வெட்டிப்புடலாமா?"

"வெட்டுனா உங்க மூஞ்சியும் பாதி போயிருங்கக்கா."

"அப்ப கெடக்கட்டும். எஞ் சேலையத்தான பிடிச்சிருக்கு" என்றாள் மூக்கம்மாள். தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "உங்க முதலாளிகிட்ட மன்னிச்சிட்டேன்னு சொல்லு. மறந்துட்டேன்னு சொல்லிராத. எங்களுக்கு மறதி கெடையாது."

கடைக்குத் திரும்பியபோது முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். வெறும் சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் தீபாவளிக் கூட்டம். எல்லோருக்கும் காது இவர்கள் பக்கமே இருந்தது.

"என்ன சொன்னாக? மன்னிச்சிட்டாகளா?"

"மன்னிச்சிட்டாக முதலாளி. மறக்க மாட்டாகளாம்."

முதலாளி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கால் பக்கம் பார்த்தார். காக்கிச் சட்டைக்குக் கீழே கத்தரிப்பூ நிறம், மாங்காய்க் கரை, விரல் அகலத்துக்கு ஒரு கோடு. சுப்புராஜின் மீசை துடிப்பதையும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. எந்தத் தெருவுக்குப் போனாய் என்று கேட்க வாயைத் திறந்தார்.

அத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முதல் தடவையாக வாய் வரவில்லை. ஞானப்பூ தன் இடத்தில் போய் நின்று, அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய ஒரு அம்மாளிடம் பைக்குக் கையை நீட்டினாள்.